அடங்கலை வயலில் நின்று எழுது

பட்டுக்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

பெரியம்மா எழுதுவது. கிராம நிர்வாக அலுவலராக உனக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் ஊர் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் பார்த்த வேலையை நம் வீட்டுப் பிள்ளை பார்க்கப் போகிறான் என்பது எவ்வளவு பெரிய சந்தோஷம்! கூடவே அவள் இன்னொன்றும் சொன்னாள். தஞ்சாவூரிலிருந்தே தினம் பைக்கில் போய்வரப் போகிறாயாம். போனில் பேசினால் 'சரி பெரியம்மா' என்று தலையாட்டிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை வைத்திருந்து படி.

அந்த ஊரிலேயே ஒரு அறை பார். வி.ஏ.ஓ. தன் கிராமத்தில் குடியிருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதைக் காட்டி உன்னை மிரட்டவில்லை, காரணத்தைக் கேள். வாய்க்கால் உடைப்பெடுப்பது ராத்திரியில். கூரை வீடு தீப்பிடிப்பது நேரம் பார்த்து அல்ல. விவசாயி விடியும் முன் வயலுக்குப் போய்விடுவார். கூலிக்குப் போகும் பெண்கள் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்கள். காலை பத்துக்கு வந்து மாலை ஐந்துக்குக் கிளம்புகிறவனை இவர்கள் எப்போது பார்ப்பார்கள்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்படி வந்தவரிடம் 'நாளைக்கு வாங்க' என்றால் இன்னொரு நாள் கூலியையும் நீ பறித்துவிட்டாய் என்று பொருள். உன்னால் செய்ய முடியாத காரியம் என்றால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடு. எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எந்தக் காகிதத்தை எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் எழுதிக் கொடு. அங்கே இருப்பவர் படித்துக்கொள்வார்.

நீ உட்காரப் போகும் இடத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தேர்வுக்காகப் படித்திருப்பாய், ஆனாலும் சொல்கிறேன். 1980 நவம்பர் வரை கிராமங்களில் முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும்தான். பகுதிநேர உத்தியோகம் என்று பெயர். நடைமுறையில் பெரும்பாலான ஊர்களில் அது சில குடும்பங்களின் சொத்து மாதிரி இருந்தது. எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகுதான் தேர்வாணையம் வழியாக எந்தத் தெருவில் பிறந்தவரும், என்னைப் போன்ற பெண்களும் இந்த வேலைக்கு வர வழி பிறந்தது. முன்சீப் வீட்டுத் திண்ணையில் ஏற முடியாமல், தெருவில் நின்றபடியே வரி கட்டிவிட்டுப் போனவர்கள் நம் நாட்டில் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுடைய பிள்ளைகளும் பேத்திகளும் இப்போது உன்னிடம் வருவார்கள். நிற்க வைத்துப் பேசாதே. அலுவலகத்தில் நாற்காலி பற்றாது. முதல் சம்பளத்தில் ஒரு பெஞ்சு வாங்கிப் போடு.

இன்னொன்று, இதை வெளிப்படையாகவே சொல்கிறேன். எழுபது வயதுப் பெரியவரை, அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பார்த்து, 'என்ன, சொல்லு' என்று ஒருமையில் பேசும் பழக்கம் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் சாகவில்லை. படித்த பிள்ளைகளிடமும் அது இருக்கிறது. ஊர்ப் பெரியதனக்காரர் வந்தால் எழுந்து நிற்கும் அதே இளைஞர், அடுத்த நிமிஷம் தன் தாத்தா வயதுக்காரரை 'வா, போ' என்பதை நான் சகித்ததே இல்லை. உன் வாயிலிருந்து அது வரக் கூடாது. 'வாங்க ஐயா, உட்காருங்க' என்று எல்லோருக்கும் ஒரே குரலில் சொல். முதல் வாரத்திலேயே ஊர் கவனித்துவிடும். யாருக்காவது அது பிடிக்காமல் போனால் போகட்டும். கைநாட்டு வாங்கும்போது, அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதும் வாசித்துக் காட்டிவிட்டு வாங்கு.

தலையாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது கிராம உதவியாளர் என்று பெயர் மாறிவிட்டது. ஊர் தலையாரி என்றுதான் சொல்லும். பெரும்பாலும் உன்னைவிட மூத்தவராக இருப்பார். அவரை 'அண்ணே' என்று கூப்பிடு. டீ வாங்கி வரவும், உன் பைக்கைத் துடைக்கவும் அவரை அனுப்பாதே. நீ புல வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதை அவர் கால்களால் தெரிந்து வைத்திருப்பார். எந்த வரப்புக்கு அடியில் எல்லைக் கல் புதைந்திருக்கிறது, எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை, எந்த வீட்டில் அடுப்பு எரிந்து நான்கு நாள் ஆகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். மரியாதை கொடுத்தால் அதெல்லாம் உனக்கும் தெரியவரும். நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் தலையாரிகளிடம்தான்.

இனி முக்கியமான விஷயம், அடங்கல். கிராமக் கணக்கு எண் 2. எந்த சர்வே எண்ணில், எந்த உட்பிரிவில், என்ன பயிர், எவ்வளவு பரப்பு, பாசனம் எதிலிருந்து என்று எழுதுகிற பதிவேடு. இப்போது கைபேசியிலும் பதியச் சொல்கிறார்கள். கருவி எதுவானாலும் வயலில் நின்று பார்த்து எழுத வேண்டும். பசலி என்கிற வருவாய்க் கணக்கு ஆண்டு ஜூலை 1ல் பிறந்து ஜூன் 30ல் முடிகிறது. அதற்குள் ஒவ்வொரு போகத்திலும் ஊரின் எல்லா வயலிலும் உன் கால் பட்டிருக்க வேண்டும். வருஷாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் கணக்கு சரியாகக் கூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீ வயலுக்குப் போனாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காததால்தான் சிலர் போவதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நீ அப்போது தஞ்சாவூரில் படித்துக்கொண்டிருந்தாய். இங்கே நடந்தது உனக்கு முழுக்கத் தெரியாது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரமெங்கும் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. ஒரு தலைமுறை வளர்த்த மரங்கள். பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நாங்கள் தோப்புத் தோப்பாக நடந்து மரங்களை எண்ணினோம். எண்ணின கணக்கு அடங்கலோடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா? இந்தப் பக்கம் நெல் வயலைத் தென்னந்தோப்பாக மாற்றியவர்கள் நிறைய. அடங்கலை உள்ளபடி எழுதியிருந்த ஊர்களில் வேலை சீக்கிரம் முடிந்தது. சில ஊர்களில் போன பசலியைப் பார்த்து இந்தப் பசலிக்குப் பெயர்த்து எழுதியே வருஷங்களை ஓட்டியிருந்தார்கள். தோப்பு நின்ற நிலம் கணக்கில் நெல் வயலாகவே இருந்தது. கூரை பறந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூட முகாமில் விட்டுவிட்டு, அந்த விவசாயிகள் தங்கள் நிலத்தில் தென்னை இருந்தது என்று நிரூபிக்க அலைந்தார்கள். விழுந்த மரம் கண்ணெதிரே கிடந்தும் அலைந்தார்கள். அந்த அடங்கலை எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. வெயிலில் நடக்கச் சோம்பல்பட்டிருப்பார்கள். ஒருவருடைய சோம்பலுக்கு இன்னொருவர் தன் வாழ்வில் எப்படி விலை கொடுக்கிறார் என்று அந்த மாதம் முழுக்கப் பார்த்தேன். அதனால்தான் உன்னிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

யாரும் கேட்பதற்கு முன்னால் செய்து வைப்பதும் அடங்கல் வேலையிலேயே சேர்ந்ததுதான். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். அதற்கு நீ தரும் அடங்கலோ விதைப்புச் சான்றோ வேண்டும். கடைசி வாரம், அடைமழை, ஊரே உன் வாசலில் நிற்கும். கேட்டு வரட்டும் என்று காத்திருக்காதே. அக்டோபரிலேயே தலையாரியோடு வயலில் இறங்கு. யார் எங்கே விதைத்திருக்கிறார் என்று பட்டியல் போட்டுவிடு. பிறகு சான்று கொடுப்பது ஒரு மாலை வேலை. குத்தகைக்கு உழுகிறவர்களிடம் கூடுதல் கவனம் வை. பட்டா சென்னையில் இருப்பவர் பெயரில் இருக்கும். சேற்றில் இறங்குகிறவர் இங்கே இருப்பார். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடவும் அவருக்கு உன் சான்று தேவை. நிலக்காரர் தரப்பிலிருந்து 'கொடுக்காதீங்க தம்பி' என்று சொல்லி அனுப்புவார்கள். நேரில் பார்த்தது எதுவோ அதை எழுதிக் கொடு. குத்தகை உரிமைப் பதிவு என்பது வேறு, அதற்கு 1969ஆம் ஆண்டுச் சட்டமும் தனி மனுவும் இருக்கின்றன என்று இரண்டு தரப்புக்கும் விளக்கிவிடு. பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

ஊரில் ஒரு சாவு விழுந்தால் போ. மாலை போட்டுவிட்டு உடனே திரும்பாதே. காரியம் முடிந்த பிறகு இன்னொரு முறை போ. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது துக்க வீட்டில் யாருக்கு நினைவிருக்கும்? நாள் தாண்டினால் அபராதம், அனுமதி, அலைச்சல் என்று நீளும். இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று வராது. வாரிசுச் சான்று இல்லாமல் பல சமயம் பேங்கில் இருக்கும் பணமும் வராது, பட்டாவும் மாறாது. கணவனை இழந்த பெண் அந்த நேரத்தில் இதையெல்லாம் யாரிடம் கேட்பாள்? அவள் கேட்காமலே நீ போய்ச் சொல். ஆதார் நகலை வாங்கிக்கொள். பெயரின் எழுத்துகளை இரண்டு முறை சரிபார்.

எழுத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். வேலையில் விழுந்த பிழைகளை இன்றைக்கும் ஜனங்கள் சுமக்கிறார்கள். தகப்பன் பெயர் மாறிப்போனது, அடுத்த வயல்காரர் பெயர் ஏறியது, உட்பிரிவு விட்டுப்போனது. நீ பிறப்பதற்கு முன்னால் யாரோ செய்த பிழைதான். ஆனால் மனுவோடு வருகிற பெரியவருக்கு முன்னால் இப்போது இருப்பவன் நீ. 'கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருது' என்பது பதில் ஆகாது. ஊரின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டை எடு, பழைய பத்திரத்தைப் பார், வயலுக்குப் போ, உண்மையை அறிக்கையாக எழுதி மேலே அனுப்பு. திருத்தும் அதிகாரம் உன்னிடம் இல்லை. தெளிவான அறிக்கை எழுதும் கடமை உன்னிடம் இருக்கிறது. உன் கையாலேயே ஒரு பிழை விழுந்தால், மனுதாரர் கண்டுபிடிப்பதற்கு முன் நீயே வருவாய் ஆய்வாளரிடம் எழுத்தில் சொல்லிவிடு. திட்டு விழும். வாங்கிக்கொள்.

பணம் வாங்காதே. இதைப் பற்றி ஒரு பக்கம் எழுத எனக்கு விருப்பம் இல்லை. உன் அம்மா உன்னை எப்படி வளர்த்தாள் என்று தெரியும்.

பயத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் வி.ஏ.ஓ.வாக இருந்த லூர்து பிரான்சிஸ் மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்ததற்காக, 2023 ஏப்ரல் 25 அன்று தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். உன் அம்மா அந்தச் செய்தியை மறக்கவில்லை, அதனால்தான் நீ வெளியூரில் தங்குவது என்றால் அவளுக்கு நடுக்கம். எனக்கும் இருக்கிறது. அதற்காகக் கண்ணை மூடிக்கொள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ராத்திரியில் வண்டியைத் தனியாக மறிக்காதே. எதைப் பார்த்தாலும் அன்றே நாள், நேரம், வண்டி எண்ணோடு எழுதி தாசில்தாருக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்பி ஒப்புகை வாங்கு. மிரட்டல் வந்தால் மறைக்காதே. அதையும் எழுத்தில் கொடு. பக்கத்து ஊர் வி.ஏ.ஓ.க்களோடு ஒட்டி இரு.

திங்கட்கிழமை பொறுப்பேற்கும்போது அவசரப்படாதே. பழையவர் நீட்டும் பட்டியலில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாமல், அ-பதிவேடு, சிட்டா, அடங்கல், புல வரைபடங்கள், பிறப்பு இறப்புப் பதிவேடு என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார். பக்கம் கிழிந்திருந்தால் கிழிந்திருக்கிறது என்று எழுது. இல்லாததை 'இல்லை' என்றே எழுதச் சொல். அவரிடம் பணிவாகப் பேசு. அவருக்குத் தெரிந்தது இன்னும் உனக்குத் தெரியாது. நிலுவையில் இருக்கும் மனுக்களைத் தனியாகக் கேட்டு வாங்கு, அதில் மிகப் பழையது எதுவோ அந்த வீட்டுக்கு அன்று சாயங்காலமே தலையாரியோடு போய்வா. போய்வந்து எனக்குப் போன் செய். எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா