ஆங்கில மொழி மாதிரிப் பரீட்சைக்கு ஆயத்தமாவோம்



திருவெம்பாவைப் பூசைகள் நடைபெறும் மார்கழி மாதம், இங்கிலாந்தில் பதினோராம் ஆண்டில் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு மாதிரிப் பரீட்சைக் காலமுமாகும். பிள்ளைகள் இதனை 'மொக்' என்பார்கள். சில பாடசாலைகள் நத்தார் விடுமுறைக்கு முன்னரும், வேறு சில விடுமுறை முடிந்த பின்னரும் இதனை நடத்துகின்றன. உண்மையான ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சை மே, யூன் மாதங்களில் வரும்.

கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசன் தேடும் பெற்றோர் பலர் ஆங்கில மொழிப் பாடத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. "இங்கே பிறந்த பிள்ளை, எங்களைவிட நன்றாக ஆங்கிலம் பேசுது, அதுக்கு என்ன தனிப் படிப்பு?" என்று கேட்பவர்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். பேசுவது வேறு, இந்தப் பரீட்சையை எழுதுவது வேறு. அதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம். தமக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது என்று ஒதுங்கி நிற்கும் பெற்றோரும் இதில் பிள்ளைக்குப் பெரிதும் உதவலாம் என்பதையும் கூறவேண்டும்.

ஏன் இப்பாடம் முக்கியம்?

ஆங்கில மொழிப் பாடத்தில் 2017 ஆம் ஆண்டு முதல் எழுத்துத் தரங்களுக்குப் பதிலாக 9 முதல் 1 வரையான எண்தரங்கள் வழங்கப்படுகின்றன. 9 மிக உயர்ந்தது. 4 சாதாரண சித்தி, 5 வலுவான சித்தி எனக் கருதப்படும். 4 ஆம் தரம் பெறாத பிள்ளை, 16 வயதுக்குப் பின்னரும் தனது மற்றப் படிப்புடன் சேர்த்து ஆங்கிலத்தைத் தொடர்ந்து படிக்க வேண்டும். ஆசிரியப் பயிற்சிக்குச் செல்ல ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 4 ஆம் தரம் தேவை. மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளையிடமும் பல பல்கலைக்கழகங்கள் ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கிலத் தரத்தைக் கேட்கின்றன. ஆகவே கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் 9 எடுத்த பிள்ளையும் இப்பாடத்தில் தடுக்கி விழக்கூடும்.

முன்னர் ஆண்டு முழுவதும் செய்து கொடுக்கும் எழுத்து வேலைகளுக்கும் புள்ளிகள் சேர்ந்தன. இப்போது தரம் முழுவதும் இறுதியில் எழுதும் வினாத்தாள்களிலேயே தங்கியுள்ளது. பேச்சுப் பரீட்சைக்குத் தனியான பெறுபேறு உண்டு. அது இந்தத் தரத்தில் சேராது.

வினாத்தாளின் அமைப்பு

பல பாடசாலைகள் பின்பற்றும் ஏ.கியூ.ஏ. பரீட்சைச் சபையின் முறையை இங்கே தருகிறோம். வேறு சபைகளின் அமைப்பு சிறிது வேறுபடும். உங்கள் பிள்ளை எந்தச் சபையின் பரீட்சையை எழுதுகிறது என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

இரண்டு வினாத்தாள்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 மணி 45 நிமிடம், 80 புள்ளிகள். முதலாவதில் ஒரு புனைகதைப் பகுதி தரப்படும். இரண்டாவதில் உண்மை விடயங்களைப் பற்றிய இரு பகுதிகள் தரப்படும். அவற்றில் ஒன்று 19 ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதாக இருக்கும். இரு தாள்களிலும் வாசிப்புக்கு 40, எழுத்துக்கு 40 புள்ளிகள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். தரப்படும் பகுதிகள் பிள்ளை முன்பு படித்தவையல்ல. எந்தப் புத்தகத்தையும் பாடமாக்கி இப்பரீட்சைக்குப் போக முடியாது. ஊரில் குறிப்புகளை மனனம் செய்து சாதாரண தரம் சித்தியடைந்த எமக்கு இது பழக்கமில்லாத முறை. பிள்ளைக்குத் தேவை பயிற்சியே.

நேரத்தைப் பங்கிடுதல்

நன்றாக ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளும் புள்ளி இழப்பதற்கு முக்கிய காரணம் நேரம். முதல் வினாத்தாளின் 105 நிமிடங்களைப் பின்வருமாறு பிரிக்கலாம்:

வினாக்களையும் பகுதியையும் வாசிக்க 15 நிமிடம்.
முதலாம் வினா (4 புள்ளி) 5 நிமிடம்.
இரண்டாம் வினா (8 புள்ளி) 10 நிமிடம்.
மூன்றாம் வினா (8 புள்ளி) 10 நிமிடம்.
நான்காம் வினா (20 புள்ளி) 20 நிமிடம்.
ஐந்தாம் வினா, எழுத்து (40 புள்ளி) 45 நிமிடம்.

இரண்டாம் வினாத்தாளில் முதல் நான்கு வினாக்களுக்கு முறையே 4, 8, 12, 16 புள்ளிகள். வாசிப்புக்கு 15 நிமிடமும் எழுத்துக்கு 45 நிமிடமும் ஒதுக்கி, மிகுதி 45 நிமிடத்தைப் புள்ளிக்கேற்பப் பிரித்துக்கொள்ளலாம்.

8 புள்ளி வினாவுக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டு, 40 புள்ளி வினாவுக்கு இருபது நிமிடத்துடன் நிற்பது பெரும் நட்டம். வீட்டில் பயிற்சி செய்யும்போது மணிக்கூட்டை முன்னால் வைத்து, நேரம் முடிந்ததும் பாதி வசனத்திலேயே நிறுத்தி அடுத்த வினாவுக்குச் செல்லப் பழகுங்கள். எழுத்து வினாவை முதலில் செய்ய விரும்பும் பிள்ளைகளும் உண்டு. அது பொருந்துமா என்று பரிசோதித்துப் பார்க்க மாதிரிப் பரீட்சையே நல்ல இடம்.

வாசிப்புப் பகுதி: ஓர் உதாரணம்

மொழியைப் பற்றிய வினாக்களில் பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள் என்பதைத் தமிழிலேயே விளக்கலாம். கீழ்வரும் நான்கு வசனங்களைப் பாருங்கள்:

கிழவர் கடிதத்தை வாசித்தார். மடித்தார். மறுபடியும் விரித்தார். அடுப்பில் தேநீர் கொதித்து வழிந்துகொண்டிருந்தது.

'கிழவரின் மனநிலையை எழுத்தாளர் எவ்வாறு காட்டுகிறார்?' என்பது வினா. மூன்று பிள்ளைகளின் விடைகளைக் கற்பனை செய்வோம்.

முதலாவது: "கிழவர் கவலையாக இருக்கிறார்." இது பிழையல்ல. ஆனால் 'எவ்வாறு' என்ற கேள்விக்கு இதில் விடையில்லை.

இரண்டாவது: "எழுத்தாளர் குறுகிய வசனங்களைப் பயன்படுத்தியுள்ளார். இது வாசகரை மேலும் வாசிக்கத் தூண்டுகிறது." பார்வைக்குக் கெட்டித்தனமான விடை. ஆனால் இதே விடையை உலகத்திலுள்ள எந்தக் கதைக்கும் எழுதலாம். அதனாலேயே புள்ளி குறைவு.

மூன்றாவது: "'மறுபடியும் விரித்தார்' என்பதால், வாசித்த செய்தியை அவரால் ஏற்க முடியவில்லை எனத் தெரிகிறது. ஒவ்வொரு வசனமும் ஒரு செயலோடு நின்றுவிடுவதால், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அவர் திகைத்திருப்பதை உணர்கிறோம். தேநீர் வழிவதைக்கூட அவர் கவனிக்கவில்லை." இதுவே நல்ல விடை. இதில் பெரிய கலைச்சொற்கள் எதுவுமில்லை. பகுதியில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்து, அது இந்த இடத்தில் என்ன செய்கிறது என்று சொல்லியிருக்கிறது.

உவமை, உருவகம் முதலிய பெயர்களைத் தெரிந்திருப்பது நல்லதே. பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் பயனில்லை.

எழுத்துப் பகுதி

எழுத்து வினாவின் 40 புள்ளிகளில் 24 பொருளுக்கும் ஒழுங்கமைப்புக்கும், 16 எழுத்துப் பிழையின்மை, நிறுத்தக்குறி, இலக்கணம், சொல்வளம் ஆகியவற்றுக்கும் உரியவை. ஐந்து நிமிடம் திட்டமிடவும், கடைசி ஐந்து நிமிடம் திருத்தி வாசிக்கவும் ஒதுக்குங்கள்.

முதல் தாளில் ஒரு கதையோ வர்ணனையோ எழுத வேண்டும். சில பிள்ளைகள் ஒரு கதையை முன்கூட்டியே பாடமாக்கிச் சென்று, தலைப்பு எதுவாயினும் அதையே எழுதிவிடுகிறார்கள். அது தலைப்போடு ஒட்டாமல் நிற்பதைத் திருத்துபவர் உடனே கண்டுகொள்வார். வேறு சிலர் தாம் ஒருபோதும் காணாத பாழடைந்த மாளிகையைப் பற்றி எழுதுகிறார்கள். எமது பிள்ளைகள் தேர்த் திருவிழாவின் நெரிசலைக் கண்டவர்கள், கற்பூர மணத்தை அறிந்தவர்கள், கலியாண வீட்டில் நூறு பேருக்குச் சமைக்கும் பரபரப்பைப் பார்த்தவர்கள். சனக்கூட்டம், காத்திருத்தல், கொண்டாட்டம் போன்ற தலைப்பு வந்தால் இவை யாவும் அவர்களின் சொந்தச் செல்வம். கண்ணால் கண்ட ஒரு சிறு விபரம் கேள்விப்பட்ட பத்துப் பெரிய சொற்களைவிட மேலானது.

இரண்டாம் தாளில் ஒரு கருத்தை வாதிட்டு எழுத வேண்டும். அது கடிதமாகவோ, கட்டுரையாகவோ, உரையாகவோ இருக்கலாம். யாருக்கு எழுதுகிறோம் என்பதை மறக்கக்கூடாது. கவுன்சிலுக்கு எழுதும் கடிதமும் சக மாணவருக்கு ஆற்றும் உரையும் ஒரே நடையில் அமையா.

பிழைகளைப் பொறுத்தவரை பிள்ளைகளை இரு வகையாகப் பார்க்கலாம். இங்கே பிறந்தவர்கள் பெரும்பாலும் பேசுவதுபோலவே எழுதுகிறார்கள். முற்றுப்புள்ளி வரவேண்டிய இடத்தில் காற்புள்ளியைப் போட்டு வசனங்களை ஒட்டிவிடுகிறார்கள். 'அங்கே', 'அவர்களுடைய' என்னும் பொருள்களைத் தரும் ஒரே ஒலியுள்ள ஆங்கிலச் சொற்களை மாற்றி எழுதுகிறார்கள். இலங்கையிலிருந்தோ பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளிலிருந்தோ பின்னர் வந்து சேர்ந்தவர்களின் சிரமம் வேறு. தமிழில் இல்லாத 'எ', 'த' என்னும் சிறு சொற்களை விட்டுவிடுவது, கதையின் நடுவே இறந்தகாலத்திலிருந்து நிகழ்காலத்துக்கு மாறுவது ஆகியன அவர்களிடம் அதிகம். இப்பரீட்சைக்கு அகராதி கொண்டுசெல்ல அனுமதியில்லை என்பதையும் அவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

நாள்தோறும் இருபது நிமிடம் பிள்ளை ஏதாவதொன்றை வாசிக்கட்டும். ஒரு நாள் சிறுகதை, மறுநாள் பத்திரிகைக் கட்டுரை, வாரத்தில் ஒரு நாள் 19 ஆம் நூற்றாண்டு எழுத்து. சார்ல்ஸ் டிக்கன்ஸ் போன்றோரின் நீண்ட வசனங்களைச் சத்தமாக வாசித்தால் பொருள் பிடிபடும். நூல்நிலையத்தில் இவற்றை இலவசமாகப் பெறலாம்.

வாசித்து முடிந்ததும், வாசித்ததைத் தமிழில் சொல்லும்படி கேளுங்கள். பின் இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள்: "ஏன் அப்படி நினைக்கிறாய்?" "எந்தச் சொல்லிலிருந்து உனக்கு அது தெரிந்தது?" இதற்கு நீங்கள் ஆங்கிலம் அறிந்திருக்கத் தேவையில்லை. அந்தப் புத்தகத்தை வாசித்திருக்கவும் தேவையில்லை. வாசிப்பு வினாக்கள் பலவற்றில் பரீட்சகர் தேடுவதும் இவ்விரு கேள்விகளுக்கான விடையையே. வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் பின்தங்கும் என்று அஞ்சுவோர் இதைச் செய்து பார்க்க வேண்டும். சிந்தித்துக் காரணம் சொல்லும் பழக்கம் ஒரு மொழியில் வளர்ந்தால் மற்ற மொழிக்கும் உதவும்.

எழுதும் வேகத்திலோ வாசிப்பிலோ பிள்ளைக்கு உண்மையான சிரமம் இருந்தால், மாதிரிப் பரீட்சைக்கு முன்னரே பாடசாலையுடன் பேசுங்கள். மேலதிக நேரம் போன்ற உதவிகள் பிள்ளை வழமையாகப் பயன்படுத்தும் முறையாக இருக்க வேண்டும். மே மாதத்தில் கேட்பது பிந்திவிடும்.

விடைத்தாள் திரும்பி வந்ததும்

"எத்தனை?" என்று மட்டும் கேட்டு விடைத்தாளை மூடிவிட வேண்டாம். மூன்று விடயங்களைப் பிள்ளையுடன் இருந்து பாருங்கள். எந்த வினா எழுதப்படாமல் விடப்பட்டது? எந்த வினாவில் நேரத்துக்கேற்ற புள்ளி கிடைக்கவில்லை? ஆசிரியர் மீண்டும் மீண்டும் எழுதியுள்ள குறிப்பு என்ன? பின்னர் ஆகக் குறைந்த புள்ளி பெற்ற ஒரு விடையைப் பிள்ளை மீண்டும் எழுதி ஆசிரியரிடம் காட்டட்டும்.

தர எல்லைகள் ஆண்டுக்காண்டு மாறுவதால், மாதிரிப் பரீட்சையில் வந்த தரம் முடிவான தீர்ப்பல்ல. அதேவேளை அதை அலட்சியம் செய்யவும் கூடாது. கொவிட் நோயினால் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பரீட்சைகள் நடைபெறாதபோது, ஆசிரியர்கள் தரங்களைத் தீர்மானிக்க மாதிரிப் பரீட்சைப் பெறுபேறுகளும் பயன்பட்டன. இன்றும் உயர்வகுப்புக்கு விண்ணப்பிக்கும்போது பாடசாலை தரும் எதிர்பார்ப்புத் தரத்துக்கு இவை உதவுகின்றன.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பரீட்சை வாரத்தில் பிள்ளை பண்ணிசை வகுப்புக்கோ நடன ஒத்திகைக்கோ வராவிட்டால் ஒருவரும் குறைநினைக்கப் போவதில்லை. நேரத்துடன் நித்திரைக்குச் செல்லட்டும். ஆலய மண்டபத்தில் பிள்ளைகளின் புள்ளிகளை ஒப்பிட்டுப் பேசுவதையும் தவிர்ப்போம். மார்கழியில் 3 ஆம் தரம் வாங்கிய பிள்ளைக்கு மே மாதம் வரை காலம் இருக்கிறது. அந்தக் காலத்தை அந்தப் பிள்ளை தன்னம்பிக்கையோடு பயன்படுத்த நாம் இடம்கொடுக்க வேண்டும்.

பரீட்சை எழுதும் பிள்ளைகள் அனைவருக்கும் எமது மனமார்ந்த நல்வாழ்த்துகள்.