மிதித்தது எந்தப் பெடல்?

நண்பர்கள் கூடும்போது ஒருவர் மறைவாகக் கிட்டார் பெடலை மிதிப்பார். எதுவென்று காதாலேயே சொல்ல வேண்டும். கோரஸ், ஃபேஸர், ஃபிளாஞ்சர் மூன்றும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன. என்ன செய்வது?
- வாசகர், பண்பொழி

இந்த மூன்றில்தான் பழகிய காதுகளும் தடுமாறும், கவலை வேண்டாம். முதலில் சுருதியைக் கவனியுங்கள். ஒரே ஸ்வரத்தை இரண்டு கிட்டார்கள் இம்மி பிசகிச் சேர்ந்து வாசிப்பதுபோல் இருந்தால் கோரஸ். சுருதி நிலையாக நின்று, நாதத்தின் நிறம் மட்டும் சுழன்றால் ஃபேஸர். வான் ஹேலன் இசைக்குழுவின், 1978இல் வெளிவந்த முதல் ஆல்பத்தில் அதை அழகாகக் கேட்கலாம். ஜெட் விமானம் தலைக்குமேல் கடக்கும் இரைச்சலா? ஃபிளாஞ்சர்தான்.

வாசிப்பவரிடம் டிஸ்டார்ஷனோடு ஒரு முழு கார்டைத் தட்டி நீட்டச் சொல்லுங்கள். ஓவர்டோன்கள் பெருகுவதால் ஃபிளாஞ்சர் உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கோரஸுக்கோ சுத்தமான ஒலியில் ஒற்றை ஸ்வரமே போதும்.

எல்லாப் பெடல்களும் ஒரே சத்த அளவில் இருக்கட்டும். இல்லாவிட்டால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். குற்றாலச் சாரல் அடிக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு விளையாடுங்கள். ஃபேஸரின் மெல்லிய சுழற்சியை மழைச் சத்தம் முழுங்கிவிடும்.