கோடை வெயிலும் கூட்டுக் கோழியும்

அமானிதம் என்றால் பிறர் நம்மிடம் கொடுத்து வைத்த பணமும் நகையும் மட்டுமே என்று பலர் நினைக்கிறோம். கொல்லைப்புறத்துக் கூட்டில் அடைத்து வைத்திருக்கும் நாலு கோழிகளும் அமானிதம்தான். வெயில் ஏறத் தொடங்கியிருக்கும் இந்த நாட்களில், இந்த மாதப் பாடத்தை அந்த நாலு கோழிகளை முன்னிட்டே படிப்போம்.

ஒரு பூனையைக் கட்டிப்போட்டுச் சாகவிட்ட பெண் அதன் காரணமாகவே தண்டனைக்கு ஆளானாள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஹதீஸ்தான். அதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவள் தானும் தீனி கொடுக்கவில்லை, அது தானாகப் பூமியில் தேடித் தின்னவும் விடவில்லை. குற்றம் அந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. தெருவில் மேயும் கோழி, முருங்கை மரத்தடியையோ குழாயடி ஈரத்தையோ தானே தேடிக்கொள்ளும். கூட்டை மூடிக் கொக்கி போட்ட மறு நிமிடமே அதன் நிழலும் நீரும் காற்றும் நம் பொறுப்பாகி விடுகின்றன. வளர்க்கும் பிராணிக்குத் தீனியும் நீரும் கொடுப்பது உடையவர் மீது கடமை என்றும், இயலாதவர் அதை விற்றுவிட வேண்டும், அல்லது மேய விட வேண்டும், உண்ணத் தகுந்ததாயின் அறுத்துவிடவும் செய்யலாம் என்றும் ஃபிக்ஹு நூல்கள் பேசுவது இதனால்தான்.

இந்த வெயில் கோழியை என்ன செய்யும், அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதை அறிய, நம்மைவிடக் கடுமையான வெயிலில் கோழி வளர்ப்பவர்களைப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் என்றொரு பாலைவன நகரம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாட்கள் தொடர்ந்து அங்கே பகல் வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. அந்த ஊரிலும் வீடுகளில் கோழி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அரை ஏக்கருக்கு மேற்படாத வீட்டு மனைகளிலும் ஆறு கோழிகள் வரை வளர்க்கலாம் என்று 2024-இல் மாநிலச் சட்டமே வந்துவிட்டது.

அந்த வளர்ப்பாளர்கள் கூடினால் பேச்சு எப்படியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நம் வீட்டுப் பெண்கள் பேசுவது போலத்தான். உன் வீட்டில் இன்றைக்கு எத்தனை முட்டை, என் வீட்டில் ஒன்றுகூட இல்லை, கழுகு வந்ததா, கயோட்டி என்னும் காட்டு நாய் வேலியைத் தோண்டியதா, தீவனம் என்ன விலை! மே மாதம் பிறந்துவிட்டால் பேச்சு முழுவதும் தண்ணீருக்கு மாறிவிடும். ஒருவர் பாட்டிலில் நீர் நிரப்பி உறைய வைத்துக் கூட்டில் போடுவதாகச் சொல்வார். இன்னொருவர் தர்பூசணியைக் குளிரவைத்துக் கொடுப்பதாகச் சொல்வார். கோழியை நனைக்கலாமா கூடாதா என்று ஆளுக்கொரு கட்சி பிரிவதும் உண்டு.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை கொண்டை, தாடி, கால், இறக்கையின் அடிப்பகுதி வழியாகச் சூடு வெளியேறும். காற்றே 41 டிகிரியைத் தாண்டிவிட்டால் அந்த வழிகள் பயன்படாது. அப்போது மிச்சமிருப்பது அலகைத் திறந்து மூச்சிரைப்பது ஒன்றுதான். தொண்டையின் ஈரம் ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. அப்படி இரைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு கட்டுவதற்கு வேண்டிய பொருள் அதனால் குறைகிறது. கோடையில் தோல்முட்டை வருவதற்கு இது ஒரு காரணம். தீனி எடுப்பது குறைவது இன்னொன்று. யாருடைய கண்ணும் பட்டுவிட்டதாக நினைத்துக் கயிறு கட்ட வேண்டியதில்லை.

இங்கே நமக்கு முக்கியமான ஒரு வேறுபாடு இருக்கிறது. பீனிக்ஸில் மே, ஜூன் மாதங்களில் காற்று மிகவும் வறண்டிருக்கும். மெல்லிய தூவானக் குழாய் ஒன்றைக் கூட்டருகே திறந்துவிட்டால், நீர் உடனே ஆவியாகிக் காற்று நன்றாகக் குளிர்ந்துவிடும். ஜூலையில் மழைக்காலக் காற்று ஈரத்தைக் கொண்டுவந்ததும் அதே தூவானம் பாதிகூடப் பலன் தராது. அந்தக் காலத்தில் எழும் புழுதிச் சுவரை அங்குள்ளவர்கள் ‘ஹபூப்’ என்கிறார்கள். வீசுதல் என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 2011-இல் பெரும் புழுதிப் புயல் அடித்தபோது, நம் ஊர்ப் புயலுக்கு அரபுப் பெயரா என்று அங்கே சிலர் முணுமுணுத்தார்கள். பெயர் என்னவோ நிலைத்துவிட்டது.

நம் கடலோர ஊர்களில் எப்போதும் அந்த ஜூலை மாத நிலைதான். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் கூட்டுக்குள் நீரைத் தெளித்துவிட்டுக் கதவை மூடினால் புழுக்கம் கூடுமே தவிரக் குறையாது. நமக்கு வேண்டியது காற்றோட்டம். தகரக் கூரையும் பலகைச் சுவரும் உள்ள கூடு மதியத்தில் அடுப்பாகிவிடும். நாலு பக்கமும் கம்பி வலை, மேலே கனமான தென்னங்கீற்று, அதுவும் மரநிழலில் இருந்தால் நல்லது. தரையில் ஒரு மூலையை மட்டும் நனைத்துவிடுங்கள், கோழி அங்கே குழி பறித்துப் படுத்துக்கொள்ளும். அகன்ற தட்டில் இரண்டு விரல் அளவு நீர் வைத்தால் அதில் நின்று காலைக் குளிர்வித்துக்கொள்ளும்.

குடிநீர் விஷயத்தில் பெரும்பாலோர் தவறுவது அளவில் அல்ல, வைக்கும் இடத்தில். சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கும் கோழி, கடும் வெயிலில் அதைப் போல் இரண்டு பங்கு குடிக்கும். ஆனால் வெயிலில் சுட்டுப்போன நீரைத் தொடாது. காலையில் நிரப்பிய தட்டு லுஹர் நேரத்தில் நிறைந்திருக்கிறதே என்று நாம் திருப்திப்படுகிறோம். அது குடிக்க முடியாமல் விட்ட நீர். நிழலில் இரண்டு இடங்களில் வையுங்கள், லுஹருக்கு முன் ஒருமுறை கொட்டிவிட்டு மாற்றுங்கள். ரப்பர் குழாயில் பிடிப்பதானால் வெயிலில் கிடந்த முதல் நீரைச் செடிக்கு விட்டுவிடுங்கள், கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். தீனியைப் பஜ்ருக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் போடுவது நல்லது. தின்றது செரிக்கும்போது உடலில் சூடு பிறக்கும், அது உச்சி வெயிலோடு சேரக் கூடாது. கோழி எச்சம் நஜீஸ் என்பதால் இந்த வேலைக்கென்று ஒரு பழைய உடுப்பைத் தனியே வைத்துக்கொண்டால் தொழுகை நேரத்தில் சிரமம் இருக்காது.

அலகு திறந்து இரைப்பதும் இறக்கையை உடம்பை விட்டு விலக்கி நிற்பதும் முதல் அறிகுறிகள். கொண்டை வெளிறி, தள்ளாடி, ஒரு மூலையில் சரிந்துவிட்டால் ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குளிர்ந்த நீரில் காலும் வயிறும் நனையும்படி பிடியுங்கள், தலையை நீரில் அமிழ்த்தக் கூடாது. ஐஸ் நீர் வேண்டாம். நிமிர்ந்ததும் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள்.

அப்படியும் தேறாது என்று தெரிந்தால் அறுக்கலாமா என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி முறைப்படி அறுத்தால் அது ஹலால். கத்தியைக் கூர்மையாக்கி, பிராணிக்கு வேதனை குறையும்படி அறுக்கச் சொல்லும் நபிமொழி முஸ்லிமில் இருக்கிறது, அவசரத்திலும் அதை விடக் கூடாது. உயிர் இருந்ததா என்பதே சந்தேகமாக இருந்தால் ஆசைப்பட வேண்டாம். செத்தபின் கத்தி வைத்தால் அது செத்த பிராணிதான், புதைத்துவிடுங்கள். வெயிலில் செத்ததை மறைத்து இறைச்சிக்கு விற்பது இரட்டைப் பாவம், வாங்குபவருக்கு ஹராமை ஊட்டுவதும் அதில் சேரும்.

தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்த மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்று கேட்டதும், பிராணிகளுக்குச் செய்வதிலுமா கூலி என்று ஸஹாபாக்கள் வியந்தார்கள். உயிருள்ள ஒவ்வொன்றிலும் கூலி உண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். அந்த நாய் அவருடையதுகூட இல்லை.

கோடை விடுமுறை வருகிறது. கல்யாணத்துக்கோ உம்ராவுக்கோ குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள், பெரிய தொட்டியில் நீர் நிரப்பிவிட்டோம் என்று கூட்டைப் பூட்டிப் போகாதீர்கள். தட்டு ஒருமுறை கவிழ்ந்தால் அன்றைக்கே முடிந்துவிடும். பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, காலையும் மதியமும் நீர் மாற்றச் சொல்லுங்கள். அந்த நாட்களின் முட்டையை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் சேவல் கூவி அவர்கள் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்திருந்தால், அந்தக் கணக்கையும் அப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.