வூகான் ஆலையும் ஒரு ஜெர்மானியரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

1984ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சீன நாட்டின் வூகான் நகர டீசல் எஞ்சின் ஆலைக்குப் புதிய தலைவர் ஒருவர் பொறுப்பேற்றார். அவர் சீனர் அல்லர், ஜெர்மானியர். பெயர் வெர்னர் கெரிக். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எஞ்சின் பொறியாளர். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. சீன மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் துணையோடுதான் பேச வேண்டும். சீனா தன் கதவுகளைத் திறந்த பின்னர் ஓர் அரசு ஆலையின் தலைமைப் பொறுப்பை அயல்நாட்டார் ஒருவரிடம் ஒப்படைத்தது அதுவே முதல் முறை என்பர்.

மொழியும் பழக்கமும் வேறான மக்களை ஒருவர் எவ்வாறு நடத்திச் செல்வது என்னும் கேள்விக்கு, மேலாண்மை நூல்களின் பட்டியல்களைவிட இந்த ஒரு மனிதரின் இரண்டாண்டுக் காலமே நல்ல பாடமாக எனக்குப் படுகிறது. இக்கேள்வியில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல். பட்டம் பெற்று ஏதேனும் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தால், என் தந்தையார் வயதுடைய தொழிலாளர்களிடம், 'நீங்கள் செய்தது சரியில்லை' என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். ஊர் ஒன்றுதான், மொழியும் ஒன்றுதான். ஆயினும் அந்த இடைவெளி சிறியதன்று.

கெரிக் நுழைந்த உலகம் எத்தகையது என்பதை முதலில் காண்போம். அந்நாளில் சீனத் தொழிலாளிக்கு ஆலை என்பது கூலி தரும் இடம் மட்டுமன்று. அதனை 'தான்வெய்' என்பார்கள். வேலைக்குழு என்று சொல்லலாம். குடியிருக்கும் வீடு, மருத்துவம், உணவுக்கூடம், பிள்ளைகளின் பள்ளி என யாவும் பெரும்பாலும் அதன் வழியாகவே கிடைத்தன. வேலை நிலையானது, எளிதில் நீக்க முடியாது. அதற்கு 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' என்று பெயர். கீழே விழுந்தாலும் உடையாத கிண்ணம்! நன்றாக உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் கிண்ணம் ஒன்றே. ஆலைத் தலைவருக்கு மேல் கட்சிக் குழு ஒன்று இருக்கும். தலைவரே முடிவெடுத்துப் பொறுப்பேற்கும் முறை அந்த 1984இல்தான் சோதனையாகத் தொடங்கியிருந்தது. கெரிக் கையில் உண்மையான அதிகாரம் இருந்ததற்கு இதுவே காரணம். முன்னரே வந்திருந்தால் ஆலோசனை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பார்.

அடுத்தது 'முகம்'. சீனரைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள்: பலர் முன்னிலையில் குறை சொல்லாதே, அவருடைய முகம் போய்விடும் என்று. ஆங்கிலேயருக்கு இதைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கு வேண்டியதில்லை. முகம் கொடுத்துப் பேசுவதும், முகத்தை முறித்துக்கொள்வதும், இனி எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது என்று தயங்குவதும் நம் வீட்டுப் பேச்சிலேயே உண்டு. ஆனால் சீனத்தில் முகத்திற்கு இரண்டு சொற்கள் உள்ளன என்பது நான் படித்துக் கற்ற செய்தி. ஹூ ஷியன்சின் என்னும் சீன மானிடவியல் அறிஞர் 1944இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். 'மியன்ஸு' என்பது பதவியாலும் வெற்றியாலும் வரும் பெருமை. 'லியன்' என்பது ஒருவன் ஒழுங்கானவன் என்று ஊர் வைத்திருக்கும் நம்பிக்கை. முன்னது குறைந்தால் மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். பின்னது போனால் அவன் சமூகத்தில் நடமாடுவதே கடினம். ஒரு தலைவர் தொழிலாளியின் தவற்றைச் சுட்டும்போது எந்த முகத்தைத் தொடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனி கெரிக் என்ன செய்தார் என்று பார்ப்போம். அவர் அறையில் உட்காரவில்லை. நாள்தோறும் இயந்திரக் கூடத்தைச் சுற்றினார். கையில் வெர்னியர் அளவியும் ஒரு காந்தமும் எப்போதும் இருந்தன. வெர்னியர் நமக்குத் தெரிந்ததே. காந்தம் எதற்கு? பொருத்தி முடித்த எஞ்சினுக்குள் இரும்புத் துகள் கிடக்கிறதா என்று பார்க்க! கிடந்தது. ஓர் எஞ்சினின் உருளைப் பகுதியில் ஏறக்குறைய 5,600 மில்லிகிராம் தூசும் துகளும் இருந்தனவாம். ஒரு தேக்கரண்டி நிறைய உப்பு எடுத்தால் ஏறத்தாழ அந்த எடை வரும். அவ்வளவு மணலைச் சுமந்துகொண்டு ஓடும் எஞ்சின் எத்தனை நாள் ஓடும்? அவர் காலத்தில் இது 100 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்தது.

சீனத்தில் 'சா பு துவோ' என்று ஒரு வழக்கு உண்டு. 'பெரிய வித்தியாசம் இல்லை, ஏறக்குறைய சரிதான்' என்பது பொருள். ஹூ ஷி என்னும் புகழ்பெற்ற சீன அறிஞர் இதையே பெயராக வைத்து 'திருவாளர் ஏறக்குறைய' என்று ஒரு நையாண்டிக் கதை எழுதினார். எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று வாழ்ந்த அம்மனிதர் நோயுற்றபோது, மருத்துவருக்குப் பதில் ஏறக்குறைய அதே போல் ஒலிக்கும் குடும்பப் பெயருடைய மாட்டு வைத்தியரை அழைத்து வந்துவிடுகிறார்கள். அவரும் ஏறக்குறைய மருத்துவர்தானே என்று வைத்தியம் செய்துகொண்டு உயிரை விடுகிறார். சீனர் தம்மைத் தாமே இவ்வளவு கடுமையாகக் கேலி செய்துகொண்டது கெரிக் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே, துல்லியம் ஜெர்மானியரின் பண்பு, அலட்சியம் சீனரின் பண்பு என்று எழுதுவோரை நான் ஏற்பதற்கில்லை. (நம் 'பரவாயில்லை'யை வைத்துக்கொண்டு பிறரைப் பேசுவதும் அழகன்று!)

சீனத் தொழிலாளிக்குத் துல்லியம் தெரியாததன்று. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அவர்கள் 'ஸி' என்பார்கள். பட்டு இழை என்று பொருள். நம் ஆய்வகத்துத் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர், அதுவே ஒரு ஸி. இதைப் படித்தவுடன் எனக்கு என் தந்தையார் நினைவு வந்தது. அவர் தச்சுவேலை செய்பவர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை அவர் 'நூல்' என்பார். 'அரை நூல் பிசகினால் கதவு உட்காராது' என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. மிகச் சிறிய அளவுக்கு இரு நாட்டுக் கைவினைஞரும் இழையையே பெயராக வைத்திருக்கிறார்கள். நம் ஒரு நூலுக்குள் சீனரின் ஸி முந்நூற்றுக்கு மேல் அடங்கும் என்பது கணக்கு.

கெரிக்கின் வெற்றி அந்தக் கருவிகளில் இருந்தது என்பது என் துணிபு. மொழி தெரியாத ஒருவர், 'நீ சோம்பேறி' என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னால் அது லியன் மீது விழும் அடி. காந்தத்தில் ஒட்டிய துகளைக் காட்டினால், பேச்சு துகளைப் பற்றியதாகிவிடுகிறது. அதற்கு மொழிபெயர்ப்பும் வேண்டாம். ஆனால் அவர் எப்போதும் மென்மையாக நடந்தார் என்று எண்ணிவிட வேண்டாம். தலைமைப் பொறியாளரையும் தரச் சோதனைப் பிரிவின் தலைவரையும் பதவியிலிருந்து நீக்கினார். அவர் கண்டிப்பு முதலில் மேலே இருந்தவர்கள் மீது பாய்ந்தது என்பதே இங்குக் குறிக்கத்தக்கது. இது கீழே இருந்தவர்களுக்குத் தெரியாமலா போகும்?

இதனோடு சீனர் ஒருவரின் செயலையும் வைத்துப் பார்க்கலாம். 1985இல் சிங்தாவ் நகரக் குளிர்சாதனப் பெட்டி ஆலையில் (பின்னாளில் ஹையர் என்று பெயர் பெற்றது) ஜாங் ருய்மின் என்னும் தலைவர், பழுதுள்ள 76 பெட்டிகளை அவற்றைச் செய்த தொழிலாளர்களைக் கொண்டே சம்மட்டியால் உடைக்கச் செய்தார். பார்த்தவர்கள் சிலர் அழுதனராம். பலர் முன்னிலையில் குறை காட்டக் கூடாது என்னும் விதி எங்கே போயிற்று? ஆனால் ஜாங் தாமும் சம்மட்டியைக் கையில் எடுத்தார். குற்றத்தில் தமக்கும் பங்குண்டு என்று நின்றவர் முன் மற்றவர்களின் முகம் தனித்துப் போகவில்லை. அயல்நாட்டவரான கெரிக்குக்கு இந்த வழி திறந்திருக்கவில்லை; பழைய எஞ்சின்கள் அவர் காலத்தவை அல்லவே!

1986இல் கெரிக் பொறுப்பு முடிந்தது. அதே ஆண்டில் சீன அரசு புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்கு ஒப்பந்த முறையைக் கொண்டுவந்து, இரும்புக் கிண்ணத்தில் முதல் விரிசலை உண்டாக்கியது. 2003இல் கெரிக் மறைந்தார். 2005இல் வூகானில் அவருக்கு வெண்கலச் சிலை எழுப்பினார்கள்.

சிலை வைக்கப்படாத ஒருவரைப் பற்றித்தான் நான் அதிகம் எண்ணிப் பார்க்கிறேன். அவர் அந்த மொழிபெயர்ப்பாளர். பதவி இழக்கப் போகும் மூத்த பொறியாளரின் முகத்தைப் பார்த்து, அயல்நாட்டவரின் சினத்தை நாள்தோறும் சொந்த மொழியில் சொன்னவர் அவர். எந்தச் சொல்லை அப்படியே சொன்னார், எதைச் சற்றுத் தணித்துச் சொன்னார், எதை விழுங்கிவிட்டார்? வூகானுக்குப் போகும் வாய்ப்பு ஒரு நாள் கிடைத்தால், அவரைத் தேடிப் பிடித்து இதைத்தான் முதலில் கேட்பேன்.