முதலில் நாலு அகலம்

வெள்ளவத்தை

அன்புள்ள பெறாமகளுக்கு,

ஐசிங் மாதிரியின் அகலத்தை 16 ஆக்கியதும் லப்டொப் திணறுகிறது, புதுசு ஒன்றுக்கு அப்பாவிடம் சொல்லுங்கோ என்று எழுதியிருந்தாய். சொல்ல மாட்டேன். 16 அகலத்துக்குப் பரிமாற்றத் தாயத்தில் 65,536 நிரை, அத்தனை நிரல். முழுத் தாயத்தையும் நினைவகத்தில் வைக்க 34 கிகாபைட் வேணும். அகலத்தில் ஒன்று கூட்டினால் அதுவும் நாலு மடங்காகும். எந்தக் கணினியை வாங்கி இதைத் துரத்துவாய்?

நாலு அகலத்தை எடு. ஓரங்களை ஒட்டி உருளையாக்கு, மாறுநிலை வெப்பநிலையில் நில். தாயம் 16க்கு 16தான். சுழற்றினாலும் எல்லாச் சுழலியையும் தலைகீழாக்கினாலும் மாறாத பகுதியை மட்டும் பிரித்தால் 4க்கு 4 ஆக ஒடுங்கும், கொப்பியிலேயே போடலாம். ஆகப் பெரிய ஐகன் பெறுமானத்தின் இயற்கை மடக்கையை 4ஆல் வகு: 0.946784. ஒன்சாகரின் 1944ஆம் ஆண்டுத் தீர்வு முடிவிலி அகலத்துக்குத் தருவது 0.929695. இரண்டாம் தசமத்திலேயே பிசகு என்று முகம் சுளிக்காதே, அந்த வித்தியாசத்துக்குள்தான் விசயம் கிடக்கிறது. கார்டியும் கூட்டாளிகளும், தனியே அஃப்லெக்கும், 1986இல் அதன் முதல் உறுப்பைக் காட்டினார்கள்: πc/6, கீழே அகலத்தின் வர்க்கம். ஐசிங்குக்கு மைய ஏற்றம் c அரை. 0.2618ஐ 16ஆல் வகுத்துக் கூட்டு, 0.946058 வரும். மிச்சம் நாலாம் தசமத்தில். அடுத்த உறுப்பு நாலாம் அடுக்கில் தேய்வதால், 8 அகலத்தில் மிச்சம் ஐந்தாம் தசமத்துக்கு இறங்கிவிடும்.

பெரிய எண்ணைத் துரத்தாமல் விரிவின் உறுப்புகளைப் பிடிப்பது நம்மவருக்குப் புதுசில்லை. 200ஐக் கூட்டல்களாகப் பிரிக்கும் வழிகள் 3972999029388. ராமானுஜனும் ஹார்டியும் 1918இல் தந்த சூத்திரத்தின் எட்டே உறுப்புகள் அந்த எண்ணில் வந்து நிற்கும். ராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவர் பெயர் தாங்கிய ரோஜர்ஸ்–ராமானுஜன் சமன்பாடுகள், பக்ஸ்ரர் 1980இல் கடின அறுகோண மாதிரியைத் தீர்த்தபோது அதற்குள்ளிருந்து எழும்பி வந்தன. எனக்கு இன்றைக்கும் அது அதிசயம்தான்.

ஒன்று கவனி. எந்தச் சூத்திரத்தையும் எங்கும் பொருத்தாதே. மாறுநிலையிலிருந்து விலகினால் திருத்தம் அடுக்குக்குறியாய்ச் சுருங்கும். ஓரங்களைத் திறந்து விட்டால் மேற்பரப்பு உறுப்பொன்று முன்னே வந்து நிற்கும். நாலு நிலை பொட்ஸ் மாதிரியில் மடக்கைகள் நுழைந்து மெல்ல மெல்லத்தான் தேயும். அங்கே மூன்று புள்ளியை வைத்துக் கோடு கீறி c சொல்லுகிறவனை நம்பாதே.

16 அகலமும் அதே சமச்சீரில் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கும். அது பிறகு. 6 அகலம் 8க்கு 8 ஆகும்; கையால் போட்டு ஞாயிறு கொட்டாஞ்சேனையிலிருந்து வரும்போது கொண்டு வா, பார்க்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா