வெள்ளோட்டப் பதிப்பும் வீட்டு அஞ்சலும்

சொந்தப் பெயரில் மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டு, அதற்கான சர்வரையும் தாமே நடத்தும் குடும்பங்கள் நம்மிடையே சில உண்டு. என் வீட்டிலும் அப்படியே. ஓய்வூதியத் தகவல், பேத்தியின் கல்லூரி அறிவிப்பு, வங்கிக் கடிதம் யாவும் அதில்தான் வருகின்றன. இருந்தும், வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பை ஓட்டிப் பார்க்க இளைஞர்களுக்கு ஆசை. அதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

2013-இல் வந்த டாக்கர், ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துத் தரும் முறை. 'டாக்கர் மெயில்சர்வர்' என்னும் இலவசப் பெட்டிக்குள் கடிதங்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், நமக்கு எடுத்துக் காட்டும் டவ்காட்டும் இருக்கின்றன. கடிதங்களோ பெட்டிக்கு வெளியே, வட்டில் தனி அடைவில் இருப்பவை. பெட்டியை மாற்றினால் அவை போய்விடா.

பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைக் கவனியுங்கள். எண் இட்டிருந்தால் அது குறிப்பிட்ட வெளியீடு. 'எட்ஜ்' என்றிருந்தால், மூல நிரலில் மாற்றம் சேரச் சேரக் கட்டப்படுவது. நேற்று இறக்கிய எட்ஜும் இன்று இறக்கும் எட்ஜும் வேறு வேறாக இருக்கலாம். ஆகவே இப்போது ஒழுங்காக ஓடுவதன் 'டைஜஸ்ட்' எண்ணை முதலில் குறித்து வையுங்கள். திரும்பி வர அதுவே வழி.

ரயில்வேயில் புதுப் பெட்டியைச் சோதனை ஓட்டம் விடும்போது பயணிகளை ஏற்றுவதில்லை. அனுமதி தரும் பாதுகாப்பு ஆணையரும் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். (இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் விவரமானவர்கள்!) இங்கும் தனித் துணைப்பெயரில், தனி இயந்திரத்தில் எட்ஜை ஓட்டுங்கள். நிஜ சர்வரின் நிலை அடைவை அப்படியே அங்கே நகலெடுத்துவிட வேண்டாம். அதில் அனுப்பக் காத்திருக்கும் கடிதங்களும் இருக்கும். சோதனை இயந்திரம் அவற்றை இரண்டாம் முறை அனுப்பி வைக்கும்.

2025 ஜனவரியில் டவ்காட் 2.4 வந்தது. 2.3-க்கு எழுதிய அமைப்புக் கோப்பு அதற்குச் செல்லாது. நாமே சேர்த்த வரிகள் இருந்தால் இத்தகைய இடத்தில்தான் இடறும். சோதனையில் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். சர்வர் அடியோடு நின்றுபோனால் பயப்பட வேண்டாம். அனுப்புகிறவரின் சர்வர் விடாமல் முயன்றுகொண்டிருக்கும்; போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே 5 நாள் வரை முயலும். ஆனால் சர்வர் ஓடிக்கொண்டே, "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று 550 எண்ணில் பதில் சொன்னால் கடிதம் அப்போதே திருப்பப்பட்டுவிடும். மீண்டும் வராது. 4-இல் தொடங்கும் பதில் 'பிறகு வா' என்பது. 5-இல் தொடங்குவது 'வராதே' என்பது. கோளாறு நேர்ந்தால் கைகாட்டி தானாக ஆபத்து நிலைக்குப் போய் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் பாடம். நின்ற வண்டியால் தாமதம்தான். தப்பான 'போகலாம்' தான் உயிருக்கு ஆபத்து.

இதற்கு போஸ்ட்ஃபிக்ஸிலேயே ஒரு வழி இருக்கிறது. 'சாஃப்ட் பவுன்ஸ்' என்னும் அமைப்பை 'யெஸ்' என்று வைத்தால், 5-இல் தொடங்கும் மறுப்பெல்லாம் 4 ஆக மாறும். புதிய பதிப்பை நிஜ சர்வருக்குக் கொண்டுவரும் அன்று, பெட்டியை நிறுத்தி அடைவுகளை நகலெடுத்து, இந்த வரியையும் சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு மூன்று நாள் பதிவேட்டைப் பார்த்து, மறுக்கப்பட்டவை குப்பைக் கடிதங்களே என்று தெரிந்தபின் அந்த வரியை எடுத்துவிடலாம். எடுக்காவிட்டால், விலாசம் தவறி எழுதியவருக்குக்கூட அது திரும்பிப் போய்ச் சேர நாட்கள் ஆகும்.