மூதூருக்குப் போகும் மருமகளுக்கு

அன்பின் பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. மூதூர் கிழக்கில் வேடர் சமூகத்து இளைஞரோடு சேர்ந்து, கழித்துப் போட்ட சாமான்களில் ஊருக்கொரு பொது இடம் கட்டப்போகிறாயாம். நல்ல காரியம். ஆனால் நீ அனுப்பிய படத்தில் வாசலில் வில்லும் அம்பும் எதற்கு? பாட்டாளிபுரத்துப் பொடியன் யாராவது கேட்டானா?

"அவர்களுடைய பாரம்பரியம் தெரிய வேண்டாமா மாமா?" என்பாய். தெரியட்டும். இந்தக் கரையோர வேடர் தமிழ் பேசுவதை 1911இலேயே வேடரை ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர் எழுதிவைத்துவிட்டார்கள். மீன்பிடி, தேன், விறகு, கூலி வேலை என்று பிழைக்கிற சனம். அங்கே ஒரு பெட்டை சுவரில் மோட்டார் சைக்கிள் வரைய ஆசைப்பட்டால் அதுவும் வேடர் வரைந்த படம்தான்.

அடுத்தது, திருகோணமலைப் பட்டினத்திலிருந்து லொறியில் குப்பை ஏற்றிப்போகும் யோசனை. அதை விட்டுவிடு. 2004இல் சுனாமி, 2006இல் போரில் இடப்பெயர்வு. பிறர் கழித்ததை வாங்கி வாங்கிச் சலித்தவர்களுக்கு, கலை என்று பெயர் வைத்து இன்னொரு லோட் குப்பையா? மீன் பெருகட்டும் என்று ஓடி முடிந்த இ.போ.ச. பஸ்களை நம்முடைய கடலில் இறக்கினார்களே, மீனிடம் கேட்டுக்கொண்டா செய்தார்கள்? மனிதரிடமாவது கேட்கலாம்.

மட்டக்களப்புச் சீலாமுனையில் ஜெயசங்கரும் ஊராரும் கூத்தை மீளுருவாக்கம் செய்தபோது, எதை வைப்பது, எதை மாற்றுவது என்று கூடியிருந்து பேசித்தான் முடிவெடுத்தார்கள். ஒரு நடை அங்கே போய் வா.

அவுஸ்திரேலியாவின் டொரஸ் நீரிணையிலுள்ள எரூப் தீவுக்காரர் கரையொதுங்கிய வலைகளில் கடலுயிர்கள் செய்து 2016இல் மொனாக்கோ வரை கொண்டுபோனதாக எனக்குப் பாடம் எடுக்கிறாய். தெரியும் பிள்ளை. அது காட்சிக்குப் போனது. உன்னுடையது வாடைக் காற்றுக்கு நிற்க வேண்டும்.

ஆகவே கரையில் கிடப்பதையே எடு. தங்கூசி வலை மட்டும் வேண்டாம், வெயிலில் நொறுங்கி மணலோடு கலந்தால் பொறுக்கி முடியாது. தடித்த நூல் வலையை நல்ல தண்ணீரில் அலசிக் கூரையாக இழுத்துக் கட்டு. வலைக்கு ஏது நிழல் என்று சிரிக்காதே. பழைய சீலை, சாரங்களைக் கீலம் கீலமாகக் கிழித்து அதன் கண்களில் கோத்தால் நிழல் விழும். எந்தக் கீலம் எந்த வீட்டுச் சீலை என்று கிழவிகள் சொல்லிச் சிரிப்பார்கள். அடுத்த வருசம் கிழிந்தாலும் அந்த வீட்டிலேயே ஒரு துண்டு கிடைக்கும்.

பொத்துவதற்கும் ஆள் தேட வேண்டாம். உன் இளைஞர்களில் பாதிப்பேருக்கு வலை பொத்தத் தெரிந்திருக்கும். முதல் நாள் நீ வாய் திறக்காமல் அவர்களிடம் அதைப் பழகு.

பொத்தும் ஊசியை மூதூரிலேயே வாங்கு. செலவுக் கணக்கை எழுதி அனுப்பு. பெயர்ப்பலகைக்கென்று ஒரு சதம் போட்டிருந்தாலும் ஏசுவேன்.

அன்புடன்,
மாமா